குழந்தை நலனுக்கு அளவுகோல் எது?

“இன்றைய குழந்தைகள் நாளைய தலைவர்கள்” என்று மேடைதோறும் முழங்குகிறோம். நாளை அவர்கள் என்ன ஆவார்கள் என்பதில் காட்டும் அக்கறையை, இன்று எப்படி இருக்கிறார்கள் என்பதில் காட்டுகிறோமா? குழந்தை நலன் என்பது யாது, அதை எவ்வாறு அளப்பது என்று சற்றே ஆராய்வோம்.

முதல் அளவுகோல் உயிர். உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில், ஒரு வயது நிறையுமுன் மறைவோர் எத்தனை பேர் என்பதே சிசு மரண விகிதம். தலா வருமானம் மட்டுமே ஒரு நாட்டின் நிலையைக் காட்டாது எனக் கருதிய பொருளியலறிஞர் மாரிஸ் டேவிட் மாரிஸ், 1979இல் விளக்கிய வாழ்க்கைத் தரக் குறியீட்டில் எழுத்தறிவு, ஆயுட்காலம் ஆகியவற்றோடு இதனையும் சேர்த்தார்.

இரண்டாவது, உடல் வளர்ச்சி. உயரத்துக்கேற்ற எடை இல்லையெனில் அது அண்மைக்காலச் சத்துக்குறைவு. வயதுக்கேற்ற உயரம் இல்லையெனில் அது நெடுநாளையது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் நிலைமை கடுமை என்று பொருள். ஒரு சிறு அளவுநாடா உயிர்காக்கும் கருவியாகி விடுகிறது!

“நம் குழந்தைகள் இயல்பாகவே குள்ளம்” என்பாரும் உளர். இந்தியா, நார்வே, கானா உள்ளிட்ட ஆறு நாடுகளில் ஆராய்ந்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் தர அளவுகளை வெளியிட்டது. தாய்ப்பாலும் நல்ல சூழலும் கிடைத்தால் ஐந்து வயது வரை எந்நாட்டுக் குழந்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வளரும் என்பது அதில் தெளிவாயிற்று. ஆயினும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் பெறாதவர்கள். இது பிறவிக் குறையன்று. நாம் வைத்த குறை.

உயிரும் உடலும் போதுமா? உள்ளம் என்ற ஒன்று இல்லையா? 2007இல் யூனிசெப் நிறுவனம் 21 செல்வ நாடுகளை ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. பொருள் வசதி, உடல்நலம், கல்வி ஆகியவற்றோடு உறவுகள், பழக்கவழக்கங்கள், குழந்தைகளின் சொந்த மனநிறைவு ஆகியவற்றையும் அது கணக்கில் கொண்டது. பெற்றோர் உங்களோடு அமர்ந்து பேசுகிறார்களா? உடன் படிப்போர் அன்பாக இருக்கிறார்களா? இவையெல்லாம் பிள்ளைகளிடமே கேட்கப்பட்ட கேள்விகள். விளைவு வியப்பானது. நெதர்லாந்து முதலிடம் பெற்றது. பிரிட்டன் கடைசியில் நின்றது. வருமானத்தில் பின்தங்கிய செக் குடியரசு, அமெரிக்காவையும் பிரான்சையும் முந்தியது! பணம் ஒன்றே குழந்தையின் நலனாகி விடாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

தன்னைப் பற்றிய காரியங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமையுண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. எடையை நிறுக்கத் தராசு உண்டு. குழந்தையின் மனத்தை அறிய அதனிடமே கேட்பதன்றி வேறு வழியில்லை.

நண்பர்களே, விடுமுறையில் வீடு திரும்பும்போது தம்பி தங்கையரிடம் “எத்தனை மார்க்?” என்பதை இரண்டாவதாகக் கேட்போம். “பள்ளியில் உனக்குச் சந்தோஷமாக இருக்கிறதா?” என்பது முதற் கேள்வியாகட்டும்.