பழைய பிரிண்டருக்கும் வயர்லெஸ் வசதி

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர், யு.எஸ்.பி. பிரிண்டர் ஒன்றுதானா? கேபிளை மாற்றி மாற்றிச் செருக வேண்டாம். வயர்லெஸ் பிரிண்ட் சர்வர் என்ற சிறு பெட்டி போதும். உங்கள் பிரிண்டர் மாடலை அது ஏற்குமா என்று பார்த்து வாங்குங்கள். ஆல்-இன்-ஒன் பிரிண்டர்களில் ஸ்கேனர் இயங்காமல் போகலாம்.

பிரிண்டரை அதில் இணைத்து, செட்டப் பக்கத்தில் வை-ஃபை பெயர், பாஸ்வேர்டு கொடுங்கள்.

அடுத்த படிதான் முக்கியம். கண்ணமங்கலம் போன்ற ஊரில் மின்சாரம் போய்த் திரும்பும்போது, ரவுட்டர் பிரிண்ட் சர்வருக்கு வேறு ஐ.பி. முகவரி தரக்கூடும். கம்ப்யூட்டர் பழைய முகவரியையே தேடும். பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டும். தேர்வுக்கு முந்தைய இரவு ஹால் டிக்கெட் எடுக்கும்போது இப்படி ஆனால்?

ரவுட்டரின் டி.எச்.சி.பி. பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' சென்று, பிரிண்ட் சர்வருக்கு நிரந்தர முகவரி (உதாரணம்: 192.168.1.50) ஒதுக்குங்கள். விண்டோஸில் பிரிண்டரைச் சேர்க்கும்போது டி.சி.பி./ஐ.பி. முறையைத் தேர்ந்தெடுத்து, அதே முகவரியைக் கொடுங்கள். போர்ட் எண் பெரும்பாலும் 9100. இனி மின்சாரம் வந்ததும் பிரிண்டரும் தயார்!