டான் கிஹோத்தேயில் ஒரு வினைச்சொல்

ஸ்பெயினின் லா மான்சா சமவெளியில் முப்பது நாற்பது காற்றாலைகள் நிற்கின்றன. டான் கிஹோத்தேக்கு அவை அரக்கர்கள். ஈட்டியை நீட்டிப் பாய்ந்தவர் குதிரையோடு உருண்டு விழுகிறார். நாவலைப் படிக்காதவர்களும் அறிந்த காட்சி இது. அந்தப் பாய்ச்சலுக்குச் சற்று முன்னால் அவருக்கும் வேலைக்காரன் சான்சோவுக்கும் நடக்கும் சிறு பேச்சைத்தான் பலர் கவனிப்பதில்லை.

அந்தப் பேச்சில் ஒரே வினைச்சொல் அடுத்தடுத்து மூன்று முறை வருகிறது. ஸ்பானிய மொழியில் அது ‘பரெஸேர்’. தமிழில் ‘தோன்று’ என்றால் ஏறக்குறையச் சரியாக இருக்கும். அதோ தோன்றுபவை அரக்கர்கள் அல்ல, ஆலைகள் என்கிறான் சான்சோ. இங்கே அந்தச் சொல்லுக்குக் ‘கண்ணுக்குப் புலப்படுவது’ என்று பொருள். கைகளாகத் தோன்றுபவை காற்றாடி இறக்கைகள் என்று தொடர்கிறான்; இப்போது பொருள் ‘போலிருப்பது’. சாகச விஷயத்தில் உனக்குப் பழக்கம் போதாது என்று தோன்றுகிறது என எஜமானர் பதில் சொல்கிறார். இங்கே அது ஒரு தீர்ப்பு. காண்பதும் மயங்குவதும் முடிவு கட்டுவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

செர்வாண்டிஸ் நாவலின் முதல் பாகத்தை 1605இலும் இரண்டாம் பாகத்தை 1615இலும் வெளியிட்டார். 126 அத்தியாயங்கள். சத்திரம் கோட்டையாவது, ஆட்டு மந்தை படையாவது எல்லாம் இந்த வினையையும் இதன் உறவுச் சொற்களையும் சுற்றியே நடக்கின்றன. தமிழ் வாசகருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஸ்பானியரும் நம்மைப் போலவே ‘எனக்குத் தோன்றுகிறது’ என்றுதான் சொல்கிறார்கள். யாருக்குத் தோன்றுகிறது என்பது நான்காம் வேற்றுமையில் வந்து நிற்கிறது. பொருள் எதுவாகவும் இருக்கட்டும், பார்ப்பவர் யார் என்பதை வாக்கியமே கேட்டுவிடுகிறது. நாவல் முழுவதும் ஓடும் கேள்வி அதுதான்.

முதல் பாகத்தின் 25ஆம் அத்தியாயத்தில் கிஹோத்தே இதை வெளிப்படையாகவே சொல்கிறார். மழைக்காகத் தலையில் பித்தளைச் சவரப் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு வந்த ஒரு நாவிதரிடமிருந்து அவர் முன்பே அதைப் பறித்திருக்கிறார். அது வீரக் கதைகளில் வரும் மாம்பிரீனோவின் புகழ்பெற்ற தலைக்கவசம் என்பது அவர் நம்பிக்கை. சான்சோ மறுக்கும்போது, உனக்குப் பாத்திரமாகத் தோன்றுவது எனக்குக் கவசமாகத் தோன்றுகிறது, இன்னொருவருக்கு வேறொன்றாகத் தோன்றும் என்கிறார். ஒரே வாக்கியத்தில் மூன்று முறை அதே வினை! பைத்தியக்காரர் என்று ஊர் சொல்லும் மனிதர் இவ்வளவு தெளிவாகப் பேசுவது வியப்புதான்.

பாத்திரத்தை இழந்த நாவிதர் பிறகு கிஹோத்தே இருக்கும் ஒரு சத்திரத்துக்கு வந்து சேர்கிறார். இது பாத்திரமல்ல, கவசம் என்று இவர்கள் சொல்வதைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று அங்கிருப்பவர்களிடம் நியாயம் கேட்கிறார். 45ஆம் அத்தியாயம் இப்படித்தான் தொடங்குகிறது. கேலிக்காக எல்லோரும் கிஹோத்தே பக்கம் சேர்ந்துகொள்கிறார்கள். நாவிதரின் கழுதைச் சேணமும் வழக்கில் சிக்குகிறது. அது குதிரைச் சேணமா, கழுதைச் சேணமா என்று காதோடு காதாக வாக்கெடுப்பே நடக்கிறது. ‘பரெஸேர்’ பெயர்ச்சொல்லாகும்போது ‘கருத்து’ என்று பொருள்படும். அந்த வாக்குகளும் அப்படியே அழைக்கப்படுகின்றன. கிஹோத்தேயோ, எனக்கு இது கழுதைச் சேணமாகத்தான் தோன்றுகிறது, ஆனால் இதில் தலையிட மாட்டேன் என்று ஒதுங்கிக்கொள்கிறார். கடைசியில் அடிதடி. அங்கிருந்த பாதிரியார் ஒருவர் ரகசியமாக 8 ரியால் கொடுத்துப் பாத்திரப் பிரச்சினையைத் தீர்க்கிறார்.

இதற்கு முந்தைய அத்தியாயத்திலேயே சான்சோ சமரசமாக ஒரு புதுச் சொல்லை உருவாக்கிவிட்டான்: ‘பஸியெல்மோ’, அதாவது பாத்திரக்கவசம். மொழியியல் அறிஞர் லியோ ஸ்பிட்சர் 1948இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, நாவலின் பல கோணப் பார்வையைப் பேசுவோர் இந்தச் சொல்லைத் தொடாமல் போவது அரிது.

இரண்டாம் பாகத்தின் 10ஆம் அத்தியாயத்தில் எல்லாம் தலைகீழாகிறது. கழுதைகளில் வரும் மூன்று கிராமத்துப் பெண்களைக் காட்டி, கிஹோத்தே மனதில் வரித்திருக்கும் இளவரசி துல்சினேயாவும் தோழிகளும் வருகிறார்கள் என்று சான்சோ பொய் சொல்கிறான். கிஹோத்தேயின் கண்ணில் கழுதைகள்தான் படுகின்றன. பனிபோல வெண்மையான குதிரைகள் உங்களுக்குக் கழுதைகளாகவா தோன்றுகின்றன என்று வேலைக்காரனே எஜமானரை மடக்குகிறான். கழுதைகள் என்பது சத்தியம் என்று அடித்துச் சொன்னவர், குறைந்தபட்சம் எனக்கு அப்படித் தோன்றுகின்றன என்று சேர்த்துக்கொள்கிறார். அந்தப் பின்னொட்டில் அவருடைய வீழ்ச்சி தொடங்குகிறது. கண் சரியாகத் தெரியும் நேரத்தில்தான் அவருக்குத் தன் கண்மீது நம்பிக்கை போகிறது. நாவலின் மிகத் துயரமான பக்கம் இதுவே. காற்றாலைக் காட்சி இதன் அருகில்கூட வராது.

நாவலின் பருமனைக் கண்டு தயங்குபவர்கள் முதல் பாகத்தின் 8, 25, 45 ஆகிய அத்தியாயங்களையும், பிறகு இரண்டாம் பாகத்தின் 10ஆம் அத்தியாயத்தையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். எந்த மொழிபெயர்ப்பானாலும் சரி, ‘தோன்றுகிறது’ வரும் இடங்களில் சற்று நின்று, யாருக்கு என்று கேட்டுக்கொண்டே படியுங்கள்.