பழைய ராணுவ மீட்பு லாரி: சொத்தா, செலவா?

இரண்டாம் உலகப் போரில் பழுதான ராணுவ வண்டிகளை இழுத்து வந்த அமெரிக்க லாரி, டயமண்ட் டி 969. பிரிட்டனில் சிலர் இதை வாங்கிப் புதுப்பிச்சு ஓட்டுறாங்க. வாங்குற விலை வெறும் ஆரம்பம்தான். 8.7 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 10 டயர், 2 கிரேன் கை, வின்ச்... எல்லாத்துக்கும் தனித்தனி செலவு. நிறுத்த ஷெட் வேற வேணும்.

"வேலைக்கு விட்டு செலவை எடுத்துடலாமே?"ன்னு தோணும். இங்கதான் கவனம்! 40 வருஷம் தாண்டின வண்டிக்கு அங்கே சாலை வரி விலக்கு உண்டு. ஆனா இவ்வளவு பெரிய லாரியைத் தொழிலுக்கு ஓட்டினா அந்தச் சலுகை கிடையாது.

நம்ம ஊர்ல பழைய புல்லட் வாங்கினாலும் இதே கணக்குதான். சம்பாதிச்சுக் கொடுக்கும்னு நம்பி கடன் வாங்காதீங்க. ஒரு வருஷப் பராமரிப்புப் பணத்தை முதல்ல சேருங்க. வண்டியை அப்புறம் பாருங்க.