டிராக்டர், ஆயில் என்ஜினுக்கு ஏற்ற டீசல் குழாய்கள்

சேற்றுழவு நடக்கும் நாளில் டிராக்டரோ பவர் டில்லரோ பாதியில் நின்றுவிட்டால், நாற்றுப் பறித்த கூலியும் நடவு ஆட்களின் கூலியும் வீணாகும். என்ஜினில் பெரிய கோளாறு என்று எண்ணிப் பிரித்துப் பார்த்தால், சில சமயம் ஒரு சாண் நீள ரப்பர் குழாய் வெடித்திருக்கும். அல்லது அதைப் பிடித்திருக்கும் கிளிப் தளர்ந்திருக்கும். குழாய் வாங்கும்போது காட்டும் சிறு கவனம் இந்த இழப்பைத் தவிர்க்கும்.

எல்லா ரப்பரும் ஒன்றல்ல

இயற்கை ரப்பர் டீசலில் ஊறினால் உப்பி, இளகி, துகள்களாக உதிரும். ரேடியேட்டர் குழாய் சுடுநீரைத் தாங்கும்; டீசலைத் தாங்காது. டீசல் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக ஆயில் என்ஜினில் சாதாரண பி.வி.சி. டியூபைப் பொருத்துவதும் உண்டு. அதை வளையும்படி வைத்திருக்கும் பொருளை டீசல் கரைத்து எடுத்துவிடும். டியூப் நாளடைவில் விறைத்து வெடிக்கும். சூடு பட்டால் இளகும்.

டீசலுக்கு ஏற்றது நைட்ரைல் ரப்பர் குழாய். உள்ளே நைட்ரைல், நடுவில் நூல் பின்னல், வெளியே வெயிலையும் உராய்வையும் தாங்கும் உறை என இதில் மூன்று அடுக்குகள் உள்ளன. குழாயின் மேல் ‘எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7’ என்று அச்சிட்டிருந்தால், அது எரிபொருளுக்கென்றே செய்யப்பட்டது என அறியலாம்.

விசைத்தெளிப்பான், களையெடுக்கும் கருவி போன்றவற்றின் பெட்ரோல் குழாய்க்குக் கூடுதல் கவனம் தேவை. 2025ஆம் ஆண்டில் நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. பழைய குழாய்கள் இதில் கெட்டுப்போகக்கூடும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும். உள்ளடுக்கு ஃபுளோரோ ரப்பராக இருந்தால் மேலும் நல்லது.

எளிய சோதனை

குழாயின் தரத்தில் ஐயம் இருந்தால் ஒரே அளவில் இரண்டு சிறு துண்டுகளை நறுக்கிக் கொள்ளவும். ஒன்றை மூடியுள்ள புட்டியில் டீசலில் 7 நாட்கள் ஊறவிட்டு, பிறகு மற்றதோடு ஒப்பிடவும். உப்பியிருந்தாலோ, நகம் பதியும் அளவு இளகியிருந்தாலோ, டீசல் கறுத்திருந்தாலோ அந்தக் குழாய் உதவாது. உதிரும் துகள்கள் வடிகட்டியை அடைத்துவிடும்.

இடம் அறிந்து பொருத்துக

டிராக்டரில் டாங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. இந்தப் பகுதியில் விரிசல் விட்டால் டீசல் சொட்டாமலேயே காற்று உள்ளே புகுந்துவிடும். காலையில் என்ஜின் எளிதில் கிளம்பாது, ஓடும்போது திணறும், அடிக்கடி ‘ஏர்’ எடுக்க வேண்டிவரும். ஒழுகவில்லை என்பதால் குழாய் நன்றாக இருக்கிறது என்று கருதக்கூடாது. டாங்க் உயரத்தில் உள்ள ஆயில் என்ஜினில் டீசல் தானாக இறங்குவதால், அங்கே ஒழுகல் கண்ணில் படும்.

டீசல் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குச் செல்லும் குழாய் எஃகுக் குழாயாகவே இருக்க வேண்டும். அங்கே அழுத்தம் மிக அதிகம். ரப்பர் குழாயைக் கொண்டு அதை ஒட்டுப்போடவே கூடாது. அதில் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் ஆபத்து. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவைக் காண ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

கிளிப்பும் வாஷரும்

குழாயின் உள்விட்டம் முனையின் அளவுக்குப் பொருந்த வேண்டும். பெரிய குழாயைக் கிளிப்பால் இறுக்கிச் சமாளித்தால் மடிப்பு வழியே காற்று புகும். கட்டுக்கம்பி ரப்பரை அறுத்துவிடும். உட்புறம் வழவழப்பான கிளிப்பே நல்லது. அதையும் ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கக்கூடாது.

துளையுள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் செப்பு வாஷரைப் புதிதாக மாற்ற வேண்டும். கசிவை நிறுத்த டெஃப்லான் டேப் சுற்றினால் அதன் இழைகள் பிய்ந்து டீசலோடு போகும். தண்ணீர்க் குழாய்க்கான துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பொருத்திகளையும் தவிர்க்க வேண்டும். துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து படிவுகளை உண்டாக்கும்.

குழாயைக் கூர்மையான கத்தியால் நேராக வெட்டி, உட்புறத்தை ஊதிச் சுத்தம் செய்து பொருத்தவும். என்ஜின் அதிர்வதால் சற்றுத் தளர்வாக விடவும். சைலன்சரின் அருகே குழாய் செல்லக்கூடாது. டீசல் கசிந்து அதில் பட்டால் தீப்பிடிக்கும். தகடு வழியே செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இட வேண்டும். மாற்றிய பின் ‘ஏர்’ எடுத்துவிட்டு ஓட்டவும்.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் குழாய்களை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தவற்றை மாற்றிவிட வேண்டும். அரை மீட்டர் குழாயும் இரண்டு கிளிப்புகளும் கருவிப் பெட்டியில் எப்போதும் இருந்தால், நடவு நாளில் கடை தேடி அலைய வேண்டியதில்லை.