எந்தப் பாகு, என்ன கெடுதல்?



மிட்டாய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "குளுக்கோஸ் பாகு என்று போட்டிருக்கிறதே, அமெரிக்காவில் கெடுதல் என்கிறார்களே, அந்தச் சோளப் பாகு இதுதானா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். சேகோ ஆலைகள் சூழ்ந்த ராசிபுரத்தில் கடை வைத்திருக்கும் நமக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

இது வேறு, அது வேறு. குச்சிக்கிழங்கு அல்லது மக்காச்சோள ஸ்டார்ச்சை உடைத்தால் கிடைப்பது குளுக்கோஸ் பாகு. மிட்டாயில் சர்க்கரை மணல்மணலாகத் திரும்பாமல் இருக்க இதைச் சேர்க்கிறார்கள். அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி போய், குளுக்கோஸில் ஒரு பகுதியை நொதி கொண்டு பிரக்டோஸ் ஆக்கினார்கள். அங்கே சர்க்கரை விலை அதிகம், மக்காச்சோளம் மலிவு. 1984இல் கோக்கும் பெப்சியும் அந்தப் பாகுக்கே மாறின.

2004இல் மூன்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், அந்நாட்டில் உடல் பருமன் கூடியதற்கும் இந்தப் பாகுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார்கள். விவாதம் சூடு பிடித்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நம் வெள்ளைச் சர்க்கரை உடலில் சரிபாதி குளுக்கோஸ், சரிபாதி பிரக்டோஸாகப் பிரிகிறது. குளிர்பானத்தில் சேரும் சோளப் பாகில் பிரக்டோஸ் நூற்றுக்கு சுமார் 55 பங்கு. பிஸ்கட் பாக்கெட்டில் காணும் இன்வெர்ட் பாகும் சர்க்கரையைப் பிரித்துச் செய்ததே. பிரக்டோஸ் மிஞ்சினால் கல்லீரலில் கொழுப்பாகும். அது கரும்பிலிருந்து வந்தாலும் சோளத்திலிருந்து வந்தாலும் ஒன்றே. ஆகவே கெடுதல் அளவில் இருக்கிறது. நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கும் இனிப்பு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு.

வியாபாரிக்கு இதைவிட முக்கியமானது பெயர். சோளப் பாகுக்குச் 'சோளச் சர்க்கரை' என்று பெயர் மாற்றக் கேட்டபோது, 2012இல் அமெரிக்க அரசு மறுத்துவிட்டது. நம் நாட்டில் 2020இல் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதிக்கக் கொடுத்தபோது, பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாக அறிவித்தது. பாகு விஷமல்ல, பாகைத் தேன் என்று விற்பது மோசடி. வெள்ளைச் சர்க்கரையைக் காய்ச்சி வெல்லமாக விற்பதும் அதே ரகம்தான்.

நாம் வாய் தவறாமல் இருக்க வேண்டிய இடமும் ஒன்று உண்டு. "சர்க்கரை நோயா, வெல்லம் வாங்குங்கள், ஒன்றும் செய்யாது" என்று கல்லாவில் இருந்து சொல்லிவிடுகிறோம். வெல்லத்தில் மொத்தச் சர்க்கரை நூற்றுக்கு 90க்குக் குறையக் கூடாது என்பது 2011ஆம் ஆண்டு உணவு விதி. அப்படியிருக்க அது எப்படி மருந்தாகும்? நம் சொல்லை நம்பி ஒருவர் உடம்பைக் கெடுத்துக்கொண்டால், அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

பில்லில் உள்ள பெயரில் சரக்கு வாங்குவோம், அதே பெயரில் விற்போம். வைத்தியத்தை வைத்தியரிடம் விடுவோம்.