ஐந்து கிராம் பந்தும் ஊருக்கு ஊர் மாறும் காற்றும்

இறகுப்பந்தை பினாங்கு கொம்தார் கட்டட உச்சியிலிருந்து போட்டாலும் அது மணிக்குச் சுமார் 24 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுக்காது. சைக்கிள் மிதிப்பவரின் வேகம்தான் அது. ஆனால் அதே பந்து 2023 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த சோதனையில் ஆந்திராவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டியின் மட்டையிலிருந்து 565 கிலோமீட்டர் வேகத்தில் சீறியது. முந்தைய சாதனை 493. 2013இல் அதைப் படைத்தவர் நம் பக்கத்து அலோர் ஸ்டார்காரர் டான் பூன் ஹியோங். புறப்படும்போது இவ்வளவு வேகம், எதிர்முனையை எட்டுவதற்குள் அதில் பெரும்பகுதி காலி. வேறெந்தப் பந்து இப்படி நடந்துகொள்கிறது?

வேகத்தைத் தின்பது காற்றுத்தடை, அதாவது பறக்கும் பொருளை எதிர்க்காற்று பின்னுக்குத் தள்ளும் விசை. பந்தில் இருப்பவை 16 இறகுகள், ஒரு தக்கை. பாரம் தக்கைப் பக்கம் அதிகம், தடை இறகுப் பக்கம் அதிகம். அதனால் மட்டை பட்டதும் பந்து குட்டிக்கரணம் போட்டு, கண் இமைப்பதற்குள் தக்கையை முன்னே திருப்பிக்கொள்கிறது. ஒரு பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தக்கைக்கு மேலே இறகுக் காம்புகளுக்கிடையே இடைவெளிகள் தெரியும். அவற்றை அடைத்தால் தடை கூடும் என்றுதான் நினைப்போம். காற்றுச் சுரங்கச் சோதனைகள் காட்டியது நேரெதிர்: அடைத்தால் தடை குறைகிறது! இடைவெளி வழியே பாயும் காற்றுதான் பந்தை அவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. இறகுகள் எல்லாம் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஒரே திசையில் படிந்திருப்பதால் பந்து எப்போதும் ஒரே பக்கமாகச் சுழன்றுகொண்டே பறக்கும்.

காற்றை இந்த அளவுக்கு நம்பியிருக்கும் பந்தோடு உலகம் சுற்றுவதுதான் தொழில்முறைப் பூப்பந்து வீரரின் ஓராண்டு. ஜனவரியில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில். அடுத்து குளிர்காலப் புதுடெல்லி. மார்ச்சில் பர்மிங்ஹாம், ஜூனில் ஜகார்த்தா. டிசம்பரில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் எட்டு இடத்தினர் மட்டும் மோதும் இறுதித் தொடர். உச்சத்தில் இருப்பவர்கள் பெரிய போட்டிகளில் கட்டாயம் ஆட வேண்டும் என்பது விதி. தரவரிசை கடந்த 52 வாரங்களின் சிறந்த 10 போட்டிகளைக் கணக்கில் எடுப்பதால், இந்த ஜனவரியில் சேர்த்த புள்ளிகள் அடுத்த ஜனவரியில் கழன்றுவிடும். ஓய்வெடுக்க நேரமே இல்லை.

ஒவ்வொரு ஊரிலும் காற்று வேறு. 15 பாகையிலிருந்து 30 பாகைக்குச் சூடேறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 5 விழுக்காடு குறையும். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய்விடும். அதைச் சரிக்கட்டத்தான் பந்துக் குழாய்களில் 75, 76, 77, 78 என்று எண் போட்டிருக்கிறார்கள். அது பழைய கிரெய்ன் அளவையில் பந்தின் எடை. ஓர் எண் கூடினால் எடை வெறும் 0.065 கிராம்தான் கூடும். ஆனால் பந்து ஏறத்தாழ ஓர் அடி தள்ளி விழும்! நம் வெக்கைக்கு 75, 76; குளிரூருக்கு 77, 78.

எண்ணை மட்டும் நம்பிவிட மாட்டார்கள். பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் ஒரு அடி. 13.4 மீட்டர் நீள ஆடுகளத்தின் எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுந்தால் பந்து தேறியது. அதற்குப் பிறகும் குளிர்சாதனக் காற்று ஒரு பக்கமாக வீசும். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறினால் அடியின் அளவையும் உடனே மாற்றியாக வேண்டும்.

பட்டர்வொர்த்துக்கு அடுத்த புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த லீ சோங் வெய் மலேசிய ஓப்பனை 12 முறையும் ஆல் இங்கிலாந்தை 4 முறையும் வென்றார். அவருடைய வேகத்தை எல்லோரும் புகழ்வார்கள். நான் அதைவிட வியப்பது, மலேசியக் காற்றுக்கும் இங்கிலாந்துக் காற்றுக்கும் ஈடுகொடுத்த அந்த மணிக்கட்டை.

இறகு நுனிகளை வெளிப்பக்கம் மடக்கினால் பந்து மெதுவாகும், உள்பக்கம் மடக்கினால் வேகமெடுக்கும். பந்தயத்தில் விதி அதைத் தடுக்கிறது. வார இறுதியில் பொது மண்டபத்தில் ஆடும் நமக்கு அந்தத் தடை இல்லை. ஒரு பழைய பந்தில் செய்து பாருங்கள்.