பாவுக்குக் கஞ்சி ஏன்?

திண்டிவனத்து மணிலாக் கொட்டைக்கும், விழுப்புரத்து நெல்லுக்கும், தறியில் ஓடும் பாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பை உண்டாக்குவது கஞ்சி. பாவு இழை அறுந்தால் வேலை நிற்கிறது, துணியில் குறை விழுகிறது, நெசவாளரின் கூலி குறைகிறது. ஆகவே கஞ்சியின் இயல்பை அங்கத்தினர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

பருத்தி நூல் என்பது குட்டையான இழைகள் பலவற்றை முறுக்கி அமைத்ததாகும். முறுக்குத் தளர்ந்த இடத்தில் இழைகள் வழுக்கிப் பிரிகின்றன. மேலும், பாவு விழுதிலும் அச்சிலும் ஓயாது உராய்ந்து பிசிறு கிளம்புகிறது. கஞ்சி இழைகளை ஒட்டி, பிசிறைப் படியவைத்து, மேலே மெல்லிய உறையாகிறது. ஊடைக்கு இத்தகைய உராய்வு இல்லை. ஆதலின் பாவைப்போல் அதற்குக் கஞ்சி வேண்டுவதில்லை.

மாச்சத்து, பருத்தி இழை ஆகிய இரண்டுமே குளுக்கோஸ் கண்ணிகளால் ஆன சங்கிலிகள்; கோக்கப்பட்ட முறைதான் வேறு. எனவே அவை ஒன்றையொன்று நன்கு பற்றுகின்றன. ஆயின் மாவுமணிகள் குளிர்ந்த நீரில் கரையா. ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி சென்டிகிரேடு சூட்டில்தான் உப்பிக் கூழாகின்றன. அரைவேக்காட்டுக் கஞ்சி நூலைப் பற்றாமல் தூளாக உதிரும்.

கஞ்சி மிகுந்தால் நூல் வலுக்கும். ஆனால் நெகிழ்ச்சி குன்றும். தறியில் பாவு திறக்கும்போது நூல் சிறிது நீண்டு மீள வேண்டும். விறைத்த நூல் நீளமாட்டாமல் அறும். இதனாலேயே கஞ்சியில் சிறிது எண்ணெய் சேர்க்கிறோம். சித்திரை வெயிலில் உறை உலர்ந்து நொறுங்கும். கார்த்திகை மழையில் ஈரமேறிப் பூசணம் பிடிக்கும்.

தென்னை நார், வாழை நார், சணல் இவற்றை மாச்சத்தால் ஒட்டிச் செய்யும் பலகைக்கும் இதே விதிதான். பாரத்தை நார் தாங்குகிறது. மாச்சத்து அதனை நார்களிடையே பங்கிடுகிறது. நனைந்தால் பிடிப்புத் தளரும். ஆகவே அப்பலகை உலர்ந்த இடத்திற்கே ஏற்றது.

சங்கத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். கஞ்சியிட்ட நூல், இடாத நூல் இரண்டையும் சம நீளத்தில் தொங்கவிட்டு, அறும்வரை எடையைக் கூட்டுக. தாங்கிய எடையையும் நீண்ட அளவையும் குறித்துக்கொள்க. எடை கூடி, நீட்சி மிகக் குறைந்திருப்பின் கஞ்சியைக் குறைக்க வேண்டும்.

2019 இல் விழுப்புரத்தினின்று பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மரவள்ளியும் விளைகிறது. மண்ணும் தவிடும் கலவாத மாவை உழவர் தந்தால் நெசவாளரின் பாவு பிழைக்கும். நெசவாளர் சோதித்துரைத்தால் உழவரின் மாவுக்கு மதிப்பு உயரும்.